நக்லேயின் பெயருக்கு எதிரே ஒரு கையெழுத்து

கஃபர்தீன்
16 ஜூன் 1998

அன்பு மகள் நுஹாத்துக்கு அப்பா ஷாஹீன் எழுதுவது,

கடவுள் புண்ணியத்தில் நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகள் இரண்டும் அங்கே மான்ட்ரீலில் அப்படியே இருக்க வேண்டும். உன் மே மாதக் கடிதம் வந்தது, போட்டோவும் வந்தது, சின்னவன் இவ்வளவு குண்டாகியிருக்கிறானே, அவனுக்கு என்னதான் ஊட்டுகிறாய். அம்மாவின் முழங்கால் பழையபடிதான், டாக்டர் படியேறக் கூடாது என்றார், அவள் தினமும் மாடி ஏறித் தொட்டியில் இருக்கிற நாலு தைம் செடியைப் பார்த்துவிட்டு இறங்குகிறாள், சொன்னால் கேட்கிற ஜென்மமா அது. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, எவ்வளவு என்று நான் உன் அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. நீ கேட்ட விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ தனியாக இருக்கும்போது படி, படித்துவிட்டு மாப்பிள்ளையிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம், ஆனால் போனில் அம்மாவிடம் ஒரு வார்த்தை வாயைத் திறக்கக் கூடாது.

முதலில் மாப்பிள்ளை கேட்டதற்குப் பதில். முப்பத்தைந்து வருஷம் கழித்து ஊர்ச் சபைக்குத் தேர்தல் வருகிறதே, நாமும் ஓட்டுப் போடலாமா என்று கேட்டிருந்தார். இருபத்தொரு வயது ஆனவர்கள் எல்லோருக்கும் ஓட்டு உண்டு, ஆனால் நீ குடியிருக்கிற இடத்தில் இல்லை, உன் பாட்டன் எந்த ஊரில் பதிவானாரோ அந்த ஊரில்தான். பெய்ரூத்தில் பிறந்து பெய்ரூத்தில் நரைத்தவன்கூட அன்றைக்குப் பஸ் பிடித்துச் சொந்த ஊருக்கு வர வேண்டும். உனக்குக் கல்யாணம் ஆனதும் உன் பெயர் நம்முடைய குடும்பப் பதிவு எண்ணிலிருந்து கழன்று மாப்பிள்ளை ஊருக்குப் போய்விட்டது, அதனால் இங்கே தேடினால் கிடைக்காது. பட்டியலை ஒரு மாதம் முக்தார் வீட்டுச் சுவரில் ஒட்டிவைப்பார்கள், ஊர்ப் பதிவும் முத்திரையும் அவரிடம்தானே. பெயரோ பிறந்த வருஷமோ அப்பா பெயரோ தப்பாக இருந்தால் குடும்பப் பதிவின் நகலை எடுத்துக்கொண்டு அந்த மாதத்துக்குள் போய்த் திருத்த வேண்டும், மாதம் போனால் போனதுதான். மாப்பிள்ளையின் தம்பியை அடுத்த தடவையாவது போய்ப் பார்க்கச் சொல். ஓட்டுப் போட நேரில் வர வேண்டும், தபாலில் கிடையாது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், பெயரைச் சேர்ப்பது எளிது, எடுப்பதுதான் கஷ்டம். வீட்டார் வந்து செத்துப்போனார் என்று காகிதம் கொடுத்தால் ஒழியச் செத்தவன் பட்டியலில் சாக மாட்டான்.

அந்தச் சுவரை நீ பார்த்திருக்க வேண்டும். ஊரில் மூச்சு விடுகிறவர்கள் நானூறு பேர்கூட இல்லை, சுவரில் ஆயிரத்துச் சொச்சம் பெயர். முக்தார் காத்தாஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வாங்க வாங்க, உங்க மாமனாரு நல்லா இருக்காரு, நூத்திப் பன்னெண்டு வயசு, ஓட்டுப் போட வருவாரு என்று போகிறவர் வருகிறவரை எல்லாம் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தான். நானும் சிரித்தேன். கடுதாசியில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தால் என்னோடு பஸ் ஓட்டின தன்னூஸ், குண்டு விழுந்து போனானே, அவன் இருக்கிறான். ரொட்டிச் சூளைக்காரன் இருக்கிறான், அவன் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள், நாலு பேரையும் நான்தான் தூக்கிப் புதைத்தேன். அப்புறம் நம் குடும்ப எண் வந்தது. என் பெயர், அதற்கு அடுத்த வரியில் உன் அண்ணன் நக்லே, பிறந்தது 1963. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. காத்தாஸ் குரலைத் தாழ்த்தி, மாமா, அந்தக் காகிதத்த ஒரு நாள் முடிச்சிருங்களேன், எத்தன வருஷம் என்றான். நான் அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நீ கடிதத்தில் கேட்டதும் அதுதானே. காணாமல் போனவனை இறந்தவனாக அறிவிக்கும் மனுவில் கையெழுத்துப் போடுங்கள் அப்பா, அம்மா ஒரு தடவை வாய்விட்டு அழுது முடிக்கட்டும், கோவிலில் ஒரு பூசை வைக்கட்டும், பதின்மூன்று வருஷம் போதும் என்று எழுதியிருந்தாய். நீ சொன்னதில் தப்பில்லை. நான் அந்த மனுவை வாங்கிவந்து எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டேன், தேர்தல் முடிந்த மறுநாள் போட்டுக் கொடுத்துவிடுவது என்று முடிவே பண்ணிவிட்டேன். இதை உனக்கு எழுதவும் உட்கார்ந்தேன். அதற்குள் ஓட்டு நாள் வந்துவிட்டது.

அன்றைக்குக் காலையிலிருந்தே பஸ்ஸாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. சண்டைக் காலத்திலிருந்து பூட்டிக் கிடந்த வீடுகளின் ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. இறங்குகிறவர்களில் பாதிப் பேர் பெய்ரூத்தில் பிறந்த பேரப்பிள்ளைகள், எனக்கு ஒருவனையும் தெரியாது, ஆனால் முகம் தெரியும். தன்னூஸின் மூக்கும் நடையுமாக ஒருத்தன் வந்து என்னிடம் பள்ளிக்கூடத்துக்கு வழி கேட்டான், நான் கையை மட்டும் நீட்டிக் காட்டினேன். ரொட்டிச் சூளைக்காரனின் கண்ணோடு ஒரு பெண் சந்துக்குள் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சுவரில் படித்த பெயர்கள் எல்லாம் தெருவில் இறங்கி நடக்கிற மாதிரி இருந்தது எனக்கு. உன் அம்மா ஒன்பது மணிக்கே பள்ளிக்கூடத்தில் பெண்கள் அறையில் ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நான் மூட்டு வலித்ததால் கூட்டம் குறையட்டும் என்று பத்தரை மணிக்குப் போனேன்.

ஆண்கள் அறை உன் பழைய மூன்றாம் வகுப்பு. மேசைக்குப் பின்னால் தேர்தல் அதிகாரி, எங்கேயோ தெற்கிலிருந்து அனுப்பிவைத்த வாத்தியார், கண்ணாடி போட்ட சாதுவான மனுஷன். பக்கத்தில் இரண்டு கட்சிக்காரப் பையன்கள், இரண்டும் நகரத்திலிருந்து வந்தவை. அட்டையைக் காட்டினேன், உறை கொடுத்தார், திரைக்குப் பின்னால் போய்ச் சீட்டைப் போட்டு மூடி, வெளியே வந்து பெட்டியில் போட்டேன். கையெழுத்துப் போடுங்க பெரியவரே என்று பட்டியலை என் பக்கம் திருப்பினார். பேனாவை எடுத்துக் குனிந்தேன். என் வரி காலியாக இருந்தது. அதற்கு அடுத்த வரியில் கையெழுத்து இருந்தது. நக்லேயின் கையெழுத்து, மகளே. கடைசி எழுத்தின் வாலை இழுத்துத் திரும்பப் பெயருக்கு அடியில் கோடாகக் கொண்டுவருவானே, என் டிக்கெட் புத்தகத்தின் பின்பக்கம் எல்லாம் போட்டுப் போட்டுப் பழகி என்னிடம் அடி வாங்கினானே, அதே கையெழுத்து.

என் வீட்டு அலமாரியிலிருந்து அவன் அடையாள அட்டையை எடுத்து யாரிடமோ கொடுத்திருக்கிறாள் உன் அம்மா என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த வரியில போட்டது யாரு, எந்த அட்டையக் காட்டினான் என்று அதிகாரியிடம் கேட்டேன். அவர் சாவகாசமாகச் சொன்னார், அவர்தான் ஐயா முதல் ஓட்டு, ஏழு மணிக்குக் கதவத் திறந்தப்பவே வாசல்ல நின்னுட்டிருந்தாரு, அட்ட இல்ல, பாஸ்போர்ட் காட்டினாரு, காலாவதி ஆனதுதான், ஆனா பேரும் நம்பரும் சரியா இருந்துச்சு, படத்துல சின்னப் பையனா இருந்தாரு, நரைச்சுப் போச்சேன்னு சொன்னேன், சிரிச்சாரு. கட்சிக்காரப் பையனில் ஒருத்தன், எங்களுக்கு ஆட்சேபண இல்ல தாத்தா, இன்னிக்கு எவ்வளவோ பாத்தாச்சு என்று பல்லைக் காட்டினான். வேற ஏதாவது பேசினானா என்று கேட்டேன். அதிகாரி யோசித்துவிட்டு, போறப்ப ஜன்னல் கிட்ட நின்னு ஒண்ணு கேட்டாரு, முற்றத்துல இருந்த மல்பெரி மரத்த எப்ப வெட்டினாங்கன்னு, நான் வெளியூருங்க, எனக்கு என்ன தெரியும் என்றார். அந்த மரத்தை வெட்டினது தொண்ணூறில், புது வகுப்பு கட்ட. நக்லே போனது எண்பத்தைந்தில். விசா முத்திரைக்காகப் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெய்ரூத்துக்குப் பஸ் ஏறினான், நான்தான் ஏற்றிவிட்டேன், அதோடு அவன் திரும்பவில்லை, அது உனக்கே தெரியும்.

என் வரியில் என்ன கிறுக்கினேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன், அடையாள அட்டை அம்மாவின் ஜெபமாலை டப்பாவுக்குள் அப்படியே இருந்தது. அவள் சுரைக்காய்க்குள் அரிசி அடைத்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, ரெண்டு பேரும் போட்டாச்சா என்று கேட்டாள். அவள் எப்போதும் என்னையும் நக்லேயையும் சேர்த்து அப்படித்தான் கேட்பாள், ரெண்டு பேரும் சாப்டாச்சா, ரெண்டு பேருக்கும் சட்டை தச்சாச்சா என்று, நானும் ஆமாம் ஆமாம் என்று தள்ளிவிடுவேன். போட்டாச்சு என்றேன். பதின்மூன்று வருஷமாக அவளிடம் சொன்ன பொய்யில் அன்றைக்கு ஒன்று உண்மையாகிவிட்டது, நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சக்கரையா என்றாள். ஆமாம் என்றேன்.

சாயங்காலம் எண்ணிக்கைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சத்தமாக வாசிப்பார்கள், ஊரே நின்று கேட்கும். எல்லாம் கட்சிக்காரர்கள் அச்சடித்துக் கொடுத்த சீட்டு, இந்தக் குடும்பத்துக்கு இந்த வரிசையில் பெயர் என்று குறி வைத்துக் கொடுப்பார்கள், எவன் யாருக்குப் போட்டான் என்று கண்டுபிடிக்க. பெட்டியைத் தலைகீழாகக் கொட்டினார்கள், அதனால் எது முதலில் போட்டது என்று தெரியாமல் எல்லாம் கலந்துவிட்டது. ஒரு சீட்டைப் பிரித்த அதிகாரி தயங்கினார். கையால் எழுதினது, ஒரே ஒரு பேரு, ஷாஹீன் ஸக்கூர் என்று வாசித்தார். நான் எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. கூடம் முழுக்கச் சிரிப்பு. காத்தாஸ் என் தோளில் தட்டி, என்ன மாமா, உமக்கு நீரே போட்டுக்கிட்டீரா, சொல்லியிருந்தா நாங்களும் ரெண்டு போட்டிருப்போமே என்றான். நானும் சிரித்து வைத்தேன். அந்தச் சீட்டைக் கொடுங்கள் என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை, செல்லாத சீட்டோடு சேர்த்து உறையில் போட்டு முத்திரை வைத்துவிட்டார்கள்.

இரண்டு நாளாக ஊரில் திறந்த வீடு ஒவ்வொன்றாகப் போய் விசாரித்தேன், நேரடியாகக் கேட்காமல். ஏழு மணிக்கு முன்னால் எந்தப் பஸ்ஸும் வரவில்லை. ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. நான் படித்தவன் இல்லை, ஆனால் இருபத்தாறு வருஷம் மலைப்பாதையில் பஸ் ஓட்டினவன், இல்லாததைப் பார்த்துப் பிரேக் போடுகிறவன் இல்லை. இதில் இரண்டே வழிதான். ஒன்று, வந்தது என் பிள்ளை, உயிரோடு இருக்கிறான், ஊர் வரைக்கும் வந்து அப்பன் பெயரை எழுதிப் போட்டுவிட்டு, வீட்டுப் படியேற முடியாத ஏதோ ஒன்று அவனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இல்லை என்றால், அவன் சட்டைப்பையிலிருந்து அந்தப் பாஸ்போர்ட்டை எடுத்து, அதில் இருந்த கையெழுத்தைப் போட்டுப் பழகின கை வந்திருக்கிறது. அப்படியென்றால் அந்தக் கையும் அந்த மல்பெரி மரத்தடியில் விளையாடின கை, நம் பள்ளிக்கூடத்தில் படித்த கை, என்னை மாமா என்று கூப்பிட்டு என் பஸ்ஸில் ஓசியில் ஏறின கை. அது எதற்கு என் பெயரை எழுத வேண்டும். தெருவில் எவனாவது சலாம் சொன்னால் அவன் கையைப் பார்க்கிறேன்.

அதனால் மனுவில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி. அம்மா அழட்டும் என்று நீ சொன்னது நியாயம்தான், ஆனால் ஓட்டுப் போட்டவனை எப்படியம்மா செத்தவன் என்று எழுதிக் கொடுப்பேன்.

உன் மான்ட்ரீல் விலாசம் இங்கே எல்லோருக்கும் தெரியும், அம்மா கோவிலில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். நரைத்த ஒரு மனுஷன் பழைய பாஸ்போர்ட்டோடு உன் கதவைத் தட்டினால் பயந்து சாத்தாதே, போலீஸையும் கூப்பிடாதே. என் பஸ்ஸில் நக்லே எங்கே உட்காருவான், ஏன் அங்கேதான் உட்காருவான் என்று கேள். உனக்கும் எனக்கும் அவனுக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. சரியாகச் சொன்னால் பெட்டியைக்கூடக் கட்டாமல் அவனை இழுத்துக்கொண்டு முதல் விமானத்தில் வந்துவிடு. தெரியாமல் முழித்தால் அவனையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவை, சூடாக ஏதாவது சாப்பிடக் கொடு, கத்தாதே, யார் என்று கேட்காதே, பெயரும் கேட்காதே. நக்லேயை எங்கே போட்டீர்கள் என்று மட்டும் கேள். இடத்தைச் சொன்னால் போதும் என்று அப்பா சொன்னார் என்று சொல்.

குழந்தைகளுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு ஆசி, உன் வீட்டு வாசலைக் கன்னி மரியாள் காத்து நிற்கட்டும். மாப்பிள்ளை ஊர்ப் பட்டியலைப் பார்க்கச் சொல்ல மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அம்மா நக்லேயைப் பற்றிக் கேட்டால் எப்போதும் சொல்வதையே சொல், வருவான் அம்மா என்று, குரல் மாறாமல் சொல்.

உன் அப்பா,
ஷாஹீன் ஸக்கூர்