ஊஞ்சலுக்கு ஆறு லட்சம்

சேரப்பணஞ்சேரி,
ஞாயிறு காலை

அன்புள்ள தென்றலுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், முருங்கை மரமும் நலம், தினமும் பால் கேட்டு வரும் பக்கத்து வீட்டுப் பூனைகூட நலம். அந்தக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாயா? போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே புகுந்துவிடுவாய், அதனால்தான் எழுதிப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன்.

நாங்கள் குடியிருக்க என்று நீ வாங்கும் ஒரகடம் வீட்டுக்குப் புதன்கிழமை போயிருந்தோம். சொந்தக்காரர் பாண்டுரங்கன் ஐயா நாற்பத்திரண்டு லட்சத்திலிருந்து இறங்கவே இல்லை, ஆனால் ஒரு வழி சொன்னார். "பத்திரத்துல முப்பத்தாறு போட்டுக்கலாம்மா, மிச்சம் ஆறு லட்சத்த ஊஞ்சல், பீரோன்னு தனித் தாள்ல எழுதிக் கையில குட்துடுங்க, உங்களுக்கும் பத்திரச் செலவுல அம்பத்தி நாலாயிரம் மிச்சம்" என்றார். அப்பா உடனே எழுந்துபோய், நீ வீடியோவில் பார்த்து ஆசைப்பட்ட அந்த ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, "இன்னா ரேகா, ஆறு லட்சத்து மேல ஒக்காந்துகினு கீறேன், ஒண்ணும் வித்யாசம் தெரிலயே" என்று காலை ஆட்டினார். பாண்டுரங்கன் ஐயாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அங்கிருந்தே உன்னைக் கேட்டதற்கு, எல்லாரும் செய்வதுதானே, கையெழுத்துப் போட்டுவிடு என்று மெசேஜ் அனுப்பினாய். ஏழாவது படிக்கும்போது டீச்சர் கூடுதலாகப் போட்ட அரை மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள் நீ. விமானத்தில் ஏற்றும்போது பெண்ணை மாற்றிவிட்டார்களா?

பத்திரம் எழுதும் கங்காவிடம் விசாரித்தேன். கழற்றி எடுத்துப்போகும் சாமானை உண்மையான விலைக்குத் தனியாக வாங்கினால் தப்பே இல்லையாம். "ஊஞ்சலுக்குப் பாஞ்சாயிரம் போடுக்கா, நானே எழுதித் தரேன். ஆறு லட்சம் போட்டா அது வரி ஏய்ப்பு. மாட்னா அபராதம், கேசு. தென்றல் எழுதிக் குட்த பவர் உன் பேர்ல கீது, கையெழுத்து உன்னுது" என்றாள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்போதுதான் அவர் இருபத்தைந்து வருஷமாக என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார். மண்ணூரில் அவர் வாங்கிய மனையைச் சாலைக்கு எடுத்தார்கள் அல்லவா, வாங்கும்போது செலவு குறையட்டும் என்று பத்திரத்தில் பாதி விலைதான் எழுதியிருந்தாராம், அக்கம்பக்கத்து மனைக்காரர்களும் அப்படியே. இழப்பீடு கணக்குப் போட்டவர்கள் அந்தப் பத்திரங்களைத்தான் பார்த்தார்கள். "யார போய் கேக்கறது? நாங்களே எழுதின வெல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் பன்னிரண்டு வருஷம் விடாமல் ஓ.டி. பார்த்திருக்கிறார்; அந்த மனிதரை, பொண்டாட்டியைவிட கம்பெனி மேல்தான் பாசம் என்று கேலி செய்துகொண்டே இருந்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் பாண்டுரங்கன் ஐயாவுக்கு நானே போன் செய்து, முழு விலையையும் பத்திரத்தில் எழுதுவோம், முழுப் பணமும் பேங்க் வழியாக வரும், இல்லையென்றால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். இரண்டு நாள் பதிலே இல்லை. வீடு கைவிட்டுப் போனது என்றே நினைத்தேன், நீ கூப்பிட்டபோது எடுக்காததும் அதனால்தான். இன்று விடியற்காலையில் கூப்பிட்டார். "சரிம்மா, உங்க இஷ்டப்படியே எழுதிக்கலாம். ஆனா ஊஞ்சல நான் எடுத்துக்கினு போய்டுவேன்" என்றார். ஆகவே உனக்கு வீடு உண்டு, ஊஞ்சல் இல்லை, கொக்கி மட்டும் இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது நீயே ஒன்று வாங்கி மாட்டு, பில்லோடு.

வியாழக்கிழமை பதிவு. அந்த ஐம்பத்து நாலாயிரத்தையும் சேர்த்து அனுப்ப மறக்காதே. மண்ணூர் விஷயம் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். அப்பா ஊஞ்சலுக்கு இப்போதே கயிறா, சங்கிலியா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிய வேண்டும், நோய்நொடி இல்லாமல் இரு.

எப்போதும் உன் பக்கம் நிற்கும், ஆனால் நீ சொல்லும் இடத்தில் கையெழுத்துப் போடாத அம்மா,
சசிரேகா