எல்லாவற்றுக்கும் வளையம்

அக்டோபர் 3, சனி

இரண்டு கடை ஏறி இறங்கியாயிற்று. முதல் கடையில் பெட்டி மேலேயே ‘675 மடங்கு பெரிதாகத் தெரியும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்கு அங்கேயே மனசு சாய்ந்துவிட்டது. இவர் முக்காலியை ஒரு விரலால் தட்டினார். தொலைநோக்கி நிற்காமல் ஆடியது. “நான் ரிப்பேர் பாக்கற வாஷிங் மெஷினே இதைவிடக் கம்மியாத்தான் ஆடும்” என்றார். கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது.

இரண்டாவது கடைக்காரி பொறுமைசாலி. எத்தனை மடங்கு என்பதையே மறந்துவிடச் சொன்னாள். உள்ளே இருக்கிற கண்ணாடி எவ்வளவு அகலமோ அவ்வளவு வெளிச்சம் சேரும், விஷயமெல்லாம் அதில்தானாம். ஐந்து அங்குலக் கண்ணாடி, குட்டை உருளை, கால் கிடையாது. உறுதியான ஸ்டூல் ஒன்று போதும். வாங்கிவிட்டேன்! இத்தனை வருஷம் மருந்துக்கடையில் ஊராருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தவள், எனக்கே எனக்கென்று வாங்கிய முதல் பெரிய பொருள். சனிக்கிரகத்தின் வளையத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

“சனியனைக் காசு குடுத்து வாங்கிட்டு வர்ற ஒரே ஆள் நீதான்” என்று வழி முழுக்க இவர் சிரித்துக்கொண்டு வந்தார்.

அக்டோபர் 4

பகலில் பால்கனியிலிருந்து எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். தலைகீழாகத் தொங்கியது! பதறிப்போய்க் கடைக்குப் போன் செய்தேன். “இந்த வகையில அப்படித்தாங்க தெரியும். வானத்துல மேல என்ன, கீழ என்ன?” என்றாள்.

அதுவும் சரிதான். ஆனால் பால்கனியில் எனக்குக் கிடைக்கிற வானம் ஒரு முழம். மொட்டை மாடி இல்லாமல் ஒன்றும் நடக்காது.

அக்டோபர் 6

மாடிக்குப் பூட்டு. அங்கே இருக்கிற தண்ணீர்த் தொட்டிக்குள் யாரோ செருப்பைப் போட்ட நாளிலிருந்து சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம்தான். இவர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். எனக்காகப் போய்க் கேட்டிருக்கிறார்!

“இந்த சனிக்கிழமை சாயங்காலம் திறந்து விடறேன், எல்லாரும் வந்து பாக்கட்டும். அடுத்த ஞாயிறு கூட்டத்துல சாவி குடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணிக்கலாம்” என்றாராம் செயலாளர்.

ஆக, என் வானம் இப்போது பதினேழு வீட்டுக்காரர்கள் கையில்.

அக்டோபர் 10

பார்த்துவிட்டேன்! பார்த்தேவிட்டேன்!

இருக்கிறதிலேயே பளிச்சென்று இருந்ததைப் பிடித்தேன். முதலில் வெறும் புள்ளி. பக்கவாட்டில் இருந்த குமிழைத் திருகினேன், பெரிதானது. திருகத் திருக இன்னும் பெரிது! வட்டமாக வெளிச்ச வளையம், நடுவில் கறுப்பு உருண்டை. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து “அடேயப்பா” போட்டார்கள். செயலாளர் இரண்டு தரம் பார்த்தார்.

கத்திரி அக்கா மட்டும்தான் கெடுத்தது. மூன்றாம் மாடி, சலூன் வைத்திருக்கிறார், நாக்கும் அதே கத்திரிதான். “நடுவுல ஓட்டை விழுந்த வெளிச்சமாத்தான் எனக்குத் தெரியுது. இதுல கிரகம் எங்க?” என்றார். “முதல்ல உங்க கண்ணாடிய மாத்துங்கக்கா” என்றேன். மாடியே சிரித்தது. அக்கா இறங்கிப் போய்விட்டார்.

அக்டோபர் 12

ரிப்பேருக்குப் போகிற வீட்டிலெல்லாம் இவர் என் புகழ் பாடுகிறாராம். “எங்க வீட்டுல சனியையே காட்டிட்டா!” இந்த மனுஷன் என்னைப் பற்றி வெளியே பேசி நான் கேட்டதே இல்லை. தரையில் கால் பாவவில்லை எனக்கு.

அக்டோபர் 13

ஐயோ.

பால்கனியில் சும்மா தூரத்துக் கோபுரத்துச் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். குமிழைத் திருகினேன். விளக்குக்கு வளையம். நடுவில் கறுப்பு உருண்டை. தெருவிளக்கைப் பார்த்தேன் — அதற்கும். இடுக்கில் தெரிந்த ஏதோ ஒரு நட்சத்திரம் — அதற்கும் வளையம்!

எல்லாத்துக்கும் வளையம்னா என்ன அர்த்தம்? அந்தக் கறுப்பு, உருளை வாயில இருக்கிற குட்டிக் கண்ணாடியோட நிழல். குமிழை அந்தப் பக்கம் திருகினா சின்னதாகி, சின்னதாகி, ஊசிமுனையா நிக்குது. அதுதான் சரியான பார்வை. நான் பெருசாக்கவே இல்லை, கலக்கி விட்டிருக்கேன். பதினேழு வீட்டுக்கும் கலங்கலைக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கேன். யாரு கண்ணாடிய மாத்தணும் இப்போ?

சொல்லாமல் விட்டால்? சாவி கிடைத்துவிடும். இவர் பெருமையும் கெடாது. யாருக்குத் தெரியப்போகிறது?

கத்திரி அக்காவுக்குத் தெரியும்.

அக்டோபர் 14

இவரிடம் சொன்னேன். சாப்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது. “ஊரெல்லாம் சொல்லிட்டேனே...” என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

விளக்கை அணைத்த பிறகு அவராகவே சொன்னார்: “மெஷின் சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டு வருவேன். மறுநாளே ஓடலைன்னு போன் வரும். போய் நிப்பேன் இல்ல? அதே மாதிரி நீயும் போய் நில்லு. நானும் பக்கத்துல நிக்கறேன்.”

அக்டோபர் 15

நேரே சலூனுக்குப் போனேன். “அக்கா, அன்னைக்கு நீங்க பாத்தது ஓட்டைதான். நான் அப்படிப் பேசினது தப்பு.”

கத்திரி நிற்கவில்லை. “ஓட்டைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். உனக்கு எப்போ தெரிஞ்சுது?” என்றார். முந்தாநாள் என்றேன். “சரி, உக்காரு. பின்னாடி முடி மேடும் பள்ளமுமாக் கிடக்கு.”

வெட்டிவிட்டே அனுப்பினார். செயலாளரிடம் இன்னொரு சாயங்காலம் கேட்டு வாங்கிவிட்டேன்.

அக்டோபர் 17

எல்லோர் முன்னாலும் சொன்னேன். முணுமுணுப்பு. இவர் ஸ்டூலைப் பிடித்தபடி என் பக்கத்திலேயே நின்றார்.

உருளையை முன்பே வெளியே வைத்து ஆறவிட்டிருந்தேன், சூடு இருந்தால் பார்வை அலையுமாம். கிழக்கே, மினுக்காமல், லேசான மஞ்சளில் ஒன்று. குறைந்த பெருக்கத்தில் பிடித்து, பிறகு கண் வைக்கிற வில்லையை மாற்றினேன். குமிழை இந்தமுறை சின்னதாகிற பக்கம் திருகினேன். இன்னும் கொஞ்சம். நின்றது. மிளகு அளவுகூட இல்லை, ஆனால் மணியும் அதைச் சுற்றி வளையமும் அவ்வளவு சுத்தமாக! இதைவிட அழகான எதையும் நான் பார்த்ததில்லை. அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன்.

“அன்னைக்குக் காட்டினதுதான் நல்லாப் பெருசா இருந்துச்சு” என்றார் இரண்டாம் மாடிக்காரர்.

செயலாளர் கண்ணை எடுக்கவே இல்லை. “இது நகருதேம்மா!” என்றார். “அது நகரலை சார், நாமதான் சுத்தறோம்” என்றேன். சட்டென்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கத்திரி அக்கா கடைசியாகக் குனிந்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

“ம். இது கிரகம்.”

அக்டோபர் 18

கூட்டம். மாடியைத் திறக்கச் சம்மதம்! ஆனால் சாவி எனக்கில்லை. “பாத்ததைப் பாத்தபடி சொல்றவங்க கையில இருக்கட்டும்” என்று செயலாளர் அதைக் கத்திரி அக்காவிடம் நீட்டினார். முதலில் கை தட்டியது நான்தான்.

அக்டோபர் 21

கடை அடைத்து வந்து பார்த்தால் ஸ்டூலையும் காணோம், தொலைநோக்கியையும் காணோம். “அக்கா வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க” என்றார் இவர்.

மூச்சிரைக்க மாடி ஏறினேன். அக்கா நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார், பின்னால் செயலாளர் காத்திருந்தார். காலடி கேட்டும் அக்கா திரும்பவில்லை.

“யாரா இருந்தாலும் வரிசையில நில்லுங்க.”

நின்றேன்.