இந்த முறை நான் கெட்டவனில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா ஆசையோடு எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? உன் இருமல் நின்றதா, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விஷயத்துக்கு வந்துவிட்டால் மறந்துபோகும், ஏனென்றால் நேற்று சாயங்காலம் அப்பா டிவியில் வந்தேன்!

நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது டிவியில் வந்த, பறக்கும் வீரனின் 'இரும்புச்சிறகன்' தொடரை மறந்திருக்க மாட்டாய். ஸ்டூடியோவில் லைட் போட்டுக்கொண்டிருந்த என்னை, காலை இழுத்து நடக்கிற இந்த நடைக்காகவே கூப்பிட்டு வில்லனின் கையாளாக்கினார்கள். அதில் நல்லவர்கள் எல்லோரும் சிவப்பாக இருப்பார்கள், நிமிர்ந்து நடப்பார்கள். கெட்டவன் என்றால் கறுப்பாக இருப்பான், இல்லாவிட்டால் ஒற்றைக்கண், அதுவும் இல்லாவிட்டால் என்னைப்போல் ஒருவன். பெண்களுக்கு அலறுவதும் மயங்கி விழுவதும் தவிர வேறு வேலை கிடையாது. எனக்கு என்னவோ பெருமையாகத்தான் இருந்தது, தெருவே என் நடையை நடந்து காட்டும். நீதான் ஒருநாள் சாப்பிடும்போது, "ஏம்பா எப்பவும் நீயே தோத்துப்போறே?" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது அதே தொடரைப் புதிதாக எடுக்கிறார்கள். உன் வயதுதான் இருக்கும் அந்த டைரக்டர் பெண்ணுக்கு, போன மாதம் வீட்டுக்கே வந்துவிட்டாள். "அதே நடை, அதே கையாள் வேஷம் சார், பழைய ரசிகர்கள் கொண்டாடுவாங்க" என்றாள். எனக்கு எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ, "நடையைத் தரேம்மா, கெட்ட புத்தியைத் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, நீ கேட்ட கேள்வியையும் சொன்னேன். உன் அம்மா சும்மா இருப்பாளா, "பொம்பளைங்க இந்தத் தடவையும் அலறிக்கிட்டேதான் இருப்பாங்களா?" என்று கேட்டாள். "இல்லம்மா, பறக்கிறதே பொண்ணுதான்" என்று சிரித்தாள் அந்தப் பெண். எனக்கு மட்டும் பதில் சொல்லாமல், காபியைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டாள். வீடு தேடி வந்த வாய்ப்பை எட்டி உதைத்துவிட்டேனே என்று நான் புலம்ப, "எந்தக் காலால உதைச்சீங்க?" என்று உன் அம்மாவின் கிண்டல் வேறு.

மறுவாரமே அவள் திரும்பி வந்தாள், லிஃப்ட் மெக்கானிக் வேடத்தோடு! கட்டடத்தில் தீப்பிடித்து லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள், பறக்கிற பெண் வெளியே தீயோடு மல்லுக்கட்டுகிறாள், நான் புகைக்குள் படியிறங்கிப் போய்க் கதவைத் திறந்துவிட வேண்டும். ஷூட்டிங்கில் வசனம் எழுதுகிறவர், "கால் எப்படிப் போச்சுன்னு உருக்கமா ரெண்டு வரி வைக்கலாமே" என்றார். "வேண்டாம், அவர் இப்படித்தான் நடப்பார், அவ்வளவுதான்" என்றாள் டைரக்டர் பெண். பாப்பா, அந்தக் காலத்தில் "இன்னும் கொஞ்சம் இழுங்க, பயமே வரலை" என்று விரட்டுவார்கள். இப்போது வீட்டில் எப்படி இறங்குவேனோ அப்படியே கம்பியைப் பிடித்து இறங்கினேன்.

நேற்று நம் வீட்டில் நிற்க இடமில்லை. மாடிவீட்டுக்காரர்கள், தையல்கார அக்கா, கீழே மருந்துக்கடை வைத்திருக்கிறவர் எல்லோரும் வந்துவிட்டார்கள். நான் கதவைத் திறந்து அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தபோது அக்கா விசிலே அடித்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் மட்டும் நாற்காலி நுனியை விட்டு நகரவில்லை. முடிந்ததும் என்னிடம், "என்ன சார், நீங்க எப்போ கெட்டவனா மாறுவீங்கன்னு கடைசிவரைக்கும் பாத்துட்டிருந்தேன், மாறவே இல்லையே!" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "நான் ஏன் அப்படி நெனைச்சேன்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே இன்னும் நூறு மாடி இறங்கலாம் போலிருந்தது எனக்கு.

உங்கள் ஊரிலும் நெட்டில் பார்க்கலாமாம், மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பார். நேரத்துக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறந்துவிடாதே, அம்மா காலையிலிருந்தே போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நீங்கள் இருவரும் மனம் ஒத்து, நினைத்ததெல்லாம் கைகூடி, நீண்ட நாள் நலமாக வாழ எங்கள் ஆசிகள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா