தையல் விட்ட இடம்

திருக்காட்டுப்பள்ளி, வியாழக்கிழமை இரவு

விடுப்பில் ஊருக்கு வந்திருக்கிறேன். மதியம் வயலில் அண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, என்னோடு வேலை செய்யும் மாலதி அழைத்தாள். செவ்வாய்க் கிரகத்தில் விண்கலத்தை இறக்க நாங்கள் நான்கு வருடமாக உருவாக்கிய பாராசூட், இன்றைய சோதனையில் விரிந்த நொடியிலேயே கிழிந்துவிட்டதாம்.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் அண்ணன். சொன்னேன்.

கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார். "அதுல யாரு இருந்தாங்க?"

"யாரும் இல்லண்ணே. வெறும் எடைதான் கட்டியிருந்தோம்."

"யாருக்கும் ஒன்னும் ஆகலல்ல, அப்புறம் என்ன? வேற துணி போட்டுத் தைச்சுக்கலாம்." நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டு மடையைத் திறந்துவிடப் போனார்.

செவ்வாயில் காற்று மிகக் குறைவு. ஒலியைவிட வேகமாக வரும் கலத்தை அந்தக் காற்றை வைத்தே மெதுவாக்க வேண்டும். துணி தடித்தால் கலத்தில் இடமில்லை, மெலிந்தால் கிழிகிறது. இதையெல்லாம் இங்கே யாரிடம் சொல்வது?

வரப்பில் உட்கார்ந்து, மாலதி அனுப்பிய வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கிழிசல் தையலில்தான் தொடங்குகிறது. அந்தத் தையல் போதும் என்று கையெழுத்துப் போட்டவள் நான். மாலதி அதைப் பற்றிக் கேட்கவே இல்லை.

நாளைக் காலையே கிளம்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு எனக்காக விரால் மீன் சொல்லி வைத்திருக்கிறார் அண்ணன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.