வாளை உறையில் போட்டவன்

அன்புள்ளவளுக்கு,

உன் முதுகுவலி தேவலையா? அத்தைக்கு இருமல் நின்னுச்சா? எனக்கு ஒண்ணுமில்ல, கிடங்குல பெட்டி தூக்கி மணிக்கட்டு லேசா சுளுக்கிடுச்சு.

ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் கேம்ல உன் தம்பி என்னை டீமை விட்டு எடுத்துட்டான். என் வீரன் வாளும் வீசுவான், காயமும் ஆத்துவான். அந்த வீரனை வெச்சு ஒழுங்கா ஆடணும்னா, காயம் ஆத்துறதுக்குன்னு பாதி சக்தியை எப்பவும் மிச்சம் வெக்கணும். அன்னைக்கு வைத்தியரா ஆடுறவருக்கு நடுவுல நெட் போச்சு. நான் வாளை உறையில போட்டுட்டு அஞ்சு பேரையும் காப்பாத்தினேன், ஜெயிச்சோம். ஆனா கடைசியில திரையில யார் எவ்வளவு அடிச்சாங்கன்னு மட்டும்தான் வரும். நான்தான் கடைசி. "மாமா, நீங்க ரெண்டுங்கெட்டான். வேற ஆள் பாத்துக்கிறேன்"னான்.

கிடங்குலயும் யார் லீவு போட்டாலும் அவங்க வேலைக்கு நான்தான். சூப்பர்வைசர் ஆக்குறப்போ மட்டும் என் பேர் யாருக்கும் ஞாபகம் வராது.

என் கண்ணாடி பவர் எழுதின சீட்டையும் அந்தப் பழைய போர்வையையும் அனுப்பு. புதுசு வேண்டாம்.

ஷிஃப்ட் வண்டி வந்துடுச்சு. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஆடுறப்போ உன் தம்பி மைக்குல, பின்னாடி குக்கர் விசிலும் நீ பேசுறதும் கேக்கும். அதுக்காகத்தான் வாராவாரம் ஆடினேன். அவன் என்னை அப்படிச் சொன்னப்போ நீ சிரிச்சதும் கேட்டுச்சு.