பதினோராவது நிமிடத்து இருமல்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய வயலின் வித்துவான் அவர்களுக்கு,

வணக்கம். இது உங்கள் ரசிகன் எழுதும் கடிதம். திட்டத் தொடங்குவதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதியிலேயே கிழித்துப் போட்டுவிடுவீர்கள்.

எனக்கு வயது ஐம்பத்து நான்கு. எடையளவுத் துறையில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது வேலை. முப்பது வருடமாக அதே நாற்காலி. என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர் இன்று எனக்கு மேலதிகாரி. அவரோடு ஒன்பது வருடமாகக் காகிதத்தில் மட்டும்தான் பேச்சு. மாடி வீட்டுக்காரரோடு ஏழு வருடமாக அதுவும் கிடையாது. மறப்பது என் சுபாவத்தில் இல்லை. இப்படிப்பட்ட ஒருவன் இருபத்திரண்டு வருடமாக ஒரே ஒரு மனிதரிடம் மட்டும் குறை கண்டுபிடிக்காமல் இருந்தான். அந்த மனிதர் நீங்கள். போன மாதம் வரைக்கும்.

உங்கள் அரங்கக் கச்சேரி ஒலிநாடா என்னிடம் இருந்தது. எவனோடாவது மல்லுக்கட்டிவிட்டு வரும் நாட்களில் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் இரண்டாம் பக்கத்தைப் போடுவேன். அந்த மெதுவான உருப்படியில், பதினோராவது நிமிடத்தில், வில்லை இழுத்துக்கொண்டே போய், ஒலி இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடத்தில் நிறுத்துவீர்கள். நான்கு நொடி மௌனம். பிறகு மறுபடி தொடங்குவீர்கள். அந்த நான்கு நொடியில் ஊரில் உள்ள அத்தனை பேர் மேலும் எனக்கிருந்த கோபம் அன்றைய பொழுதுக்கு இறங்கிவிடும்.

அந்த மௌனத்துக்குச் சற்று முன்னால், ஒலி தேய்கிற இடத்தில், ஒற்றை இருமல் ஒன்று விழும். அது என் மனைவியின் இருமல்.

அது பதிவான அன்று நாங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். தலைக்கு நேர் மேலே கம்பியில் ஒரு மைக் தொங்கியது. அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சளி. பேருந்திலேயே இரண்டு முறை இருமினாள். உள்ளே வந்து இருமித் தொலைக்காதே என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். சரியாக அந்த இடத்தில் இருமினாள். நான் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அவ்வளவுதான். அவளாகவே எழுந்து வெளியே போய்விட்டாள். கச்சேரி முடியும்வரை அரங்கத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு என்னோடு எந்தக் கச்சேரிக்கும் வந்ததில்லை.

ஒலிநாடா வெளிவந்ததும் எங்கள் வீட்டில் அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. யார் வந்தாலும் போட்டுக் காட்டுவேன். "இதோ வருது பாருங்க, எங்க வீட்டம்மா கச்சேரி" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். விளையாட்டுப் பேச்சு அவளுக்கு என்றைக்குமே பிடிபட்டதில்லை.

இரண்டு வருடமாக அவள் எங்கள் மகள் வீட்டில் இருக்கிறாள். ஒரு மாதத்தில் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனவள். போன் செய்தால் மகள்தான் எடுக்கிறாள். "அம்மா குளிக்கறாங்கப்பா" என்கிறாள். இரண்டு வருடமாக ஒரு மனுஷி குளித்துக்கொண்டே இருக்கிறாள்.

அவள் போன பிறகு அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். வீட்டில் அவளுடைய சத்தம் என்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். ஓட்டி ஓட்டி நாடா அந்த இடத்திலேயே அறுந்தது. கடைக்குப் போய், துல்லியமாக்கப்பட்ட புதிய பதிப்பு என்று அட்டையில் போட்டிருக்கும் உங்கள் குறுந்தகட்டை வாங்கி வந்தேன்.

அதில் இருமல் இல்லை.

யாரைக் கேட்டு எடுத்தீர்கள்? தராசில் ஒட்டிய பிசுக்கைத் துடைக்கலாம், எடைக்கல்லை அரத்தால் ராவக் கூடாது. ராவினால் நான் வழக்குப் போடுவேன். எங்கள் வேலையில் எதையும் ஒரு முறை நிறுத்து முடிவு கட்டுவதில்லை. கல்லைத் தட்டு மாற்றி வைத்து இன்னொரு முறை நிறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு முத்திரை குத்துகிறவன் ஆய்வாளனே அல்ல. உங்கள் பதிப்பையும் அப்படித்தான் இரண்டு கருவிகளில் போட்டுக் கேட்டேன். இரண்டிலும் இல்லை.

அந்த இருமலை இருந்த இடத்தில் திரும்ப வையுங்கள். முடியாதென்றால் பழைய பதிப்பின் பிரதி ஒன்றாவது அனுப்புங்கள்.

இன்னமும் உங்கள் ரசிகன்தான் என்று நினைக்கும்,
எடையளவு ஆய்வாளர்


மார்ச் 2

வித்துவான் அவர்களுக்கு,

நான் மூன்று பக்கம் எழுதினேன். நீங்கள் உங்கள் படம் ஒன்றை அனுப்பியிருக்கிறீர்கள். 'அன்பு ரசிகருக்கு' என்று கீழே கையெழுத்து. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், மை வரவில்லை. அதுவும் அச்சு.

படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். என் கடிதத்தில் சிரிக்க என்ன இருந்தது என்று தெரியவில்லை. படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, பதில் எழுதப் போதுமான இடம் உண்டு.

எடையளவு ஆய்வாளர்


மார்ச் 20

தராசுக்காரர் அவர்களுக்கு,

படத்தை அனுப்பியது என் தங்கை. யார் எழுதினாலும் அதைத்தான் அனுப்புவாள். கூரை ஒழுகுவதைப் பார்க்க வருவதாக எழுதியிருந்த கொத்தனாருக்கும் ஒன்று போயிருக்கிறது. உங்கள் இரண்டாவது கடிதத்தை அவள் என் மடியில் போட்டுவிட்டு, "அண்ணா, இந்த ஆள் உன்னைவிட மோசம்" என்றாள். அதனால்தான் படித்தேன்.

எனக்கு எழுபத்தொன்று. இடது கை மோதிர விரல் மடங்குவதில்லை, நான்கு வருடமாக வயலினைத் தொடவில்லை. இனி என்னிடம் இருப்பது பழைய பதிவுகள்தான். இருமலை எடுக்கச் சொன்னது நான். இருபத்திரண்டு வருடமாக அதை வெறுத்துக்கொண்டிருக்கிறேன். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் வில் நான் நினைத்த இடத்தில் நின்றது. அந்த நாளில் பார்த்து எவருடைய தொண்டையோ அடைத்துக்கொண்டது. உங்களுக்கு மட்டும்தான் மறக்காத சுபாவம் என்று நினைக்க வேண்டாம்.

நீங்கள் கொண்டாடும் நான்கு நொடி மௌனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது என்னுடையது அல்ல. பதிவுக்காரர் பிளேடால் வெட்டி ஒட்டியது. மேடையில் நான் நிறுத்தியது பத்தொன்பது நொடி. அந்தப் பத்தொன்பது நொடியும் மௌனமாக இல்லை. உங்கள் தலைக்கு மேலே தொங்கிய மைக் அரங்கத்தின் கைதட்டலுக்காக வைத்தது. கைதட்டலோடு வேறு சிலதும் அதில் விழுந்தன. ஒரு ஆணின் குரல். அதற்கு ஒரு பெண்ணின் பதில். மறுபடி ஆணின் குரல். பிறகு நாற்காலி மடங்குகிற சத்தம், நடை, கதவு. கதவு சாத்தும்வரை காத்திருந்தேன். அதனால்தான் பத்தொன்பது.

இருமல் ஒலியின் மேலேயே ஏறி விழுந்ததால் அந்தக் காலத்தில் அதை வெட்ட வழியில்லை. பேச்சு இடைவெளியில் இருந்ததால் வெட்டிவிட்டார்கள். வெட்டாத மூல நாடா இந்த வீட்டில் இருக்கிறது.

நான் மேடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பார்வை பார்த்தேன், அவ்வளவுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். தட்டு மாற்றி நிறுப்பவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன.

கேட்க விருப்பமிருந்தால் சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் எனக்கு வருத்தமில்லை.

வயலின்காரன்


மார்ச் 26

வித்துவான் அவர்களுக்கு,

என்னைப் பொய்யன் என்கிறீர்கள். கச்சேரி அரங்கில் வாயைத் திறந்து பேசுகிற ஜாதி நானில்லை. பேசுகிறவர்களை எழுந்துபோய்க் கண்டித்தவன். அது வேறு யாருடைய குரலாவது இருக்கும். மூன்றாவது வரிசையில் பதினெட்டு நாற்காலிகள் உண்டு.

நாடாவை அனுப்புங்கள். கேட்டுவிட்டு உங்களிடமிருந்து எழுத்தில் மன்னிப்பை எதிர்பார்ப்பேன். அச்சடித்ததாக இருக்கக் கூடாது.

எடையளவு ஆய்வாளர்


ஏப்ரல் 6

தராசுக்காரருக்கு,

இத்துடன் நாடாவின் பிரதி. அந்த இரண்டு நிமிடம் மட்டும் பதிந்திருக்கிறது. ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள், அந்தப் பெண் மிக மெல்லப் பேசுகிறார்.

வீட்டில் துணைக்கு யாராவது இருந்தால் நல்லது.

வயலின்காரன்


மே 17

அன்புள்ள வயலின்காரருக்கு,

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. மன்னிப்பு எதுவும் நீங்கள் எழுத வேண்டியதில்லை.

நாடா வந்த அன்றே கேட்டேன். இருமல் விழுகிறது. உடனே, மைக்கில் வாயை வைத்துப் பேசியது போல என் குரல். "வாயை மூடித் தொலையேன்." அடுத்து அவள். "இருமினது நான் இல்லைங்க. பின்னாடி வரிசைல." மறுபடி நான். "பொய் வேற சொல்றியா? எழுந்து போ." நாற்காலி. நடை. கதவு. பிறகு உங்கள் வில்.

முதலில் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. பிறகு அந்தப் பதிவுக்காரர் மேல், பிறகு பின்வரிசையில் இருமிய அந்த முகம் தெரியாத ஆள் மேல். ஒவ்வொருவர் மேலும் இரண்டு நாள். அதற்கு மேல் கோபப்பட வெளியில் ஆள் கிடைக்கவில்லை. நான் அப்படிப் பேசியது எனக்கு நினைவே இல்லை. அவள் பதில் சொன்னதும் நினைவில்லை. பார்த்த பார்வை மட்டும்தான் நினைவிருந்தது. யாரோ ஒருவருடைய இருமலை என் மனைவியினுடையது என்று இருபது வருடம் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அவள் இல்லாத இரண்டு வருடம் அதையே அவள் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

மகள் வீட்டுக்குப் போனேன். சொல்லாமல் போனதால் அவளுக்குக் குளிக்க அவகாசம் கிடைக்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன், "அன்னிக்கு இருமினது நீ இல்ல."

அவள் கையில் இருந்த துண்டை மடித்து முடித்தாள். "எனக்குத் தெரியாதா? நான்தானே பக்கத்துல உக்காந்திருந்தேன்" என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே அந்தக் கேள்வியின் லட்சணம் எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே சொன்னாளாம், பேருந்தில் சொன்னாளாம், நாடா வெளிவந்த அன்று சொன்னாளாம். "டேப்ல வந்தாத்தான் உங்களுக்கு நிஜம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும், கோபத்தோடு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியும்.

வித்துவானிடம் சொல்லி அடுத்த பதிப்பில் அந்தப் பத்தொன்பது நொடியையும் அப்படியே போடச் சொல்கிறேன், ஊரே கேட்கட்டும் என்றேன். பெரிய தியாகம் செய்கிற நினைப்பு எனக்கு. அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். வந்தவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினீங்களே, அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரா."

"சொன்னா வீட்டுக்கு வந்துடுவியா?"

"அது வேற, இது வேற" என்றாள். அடுத்த துணியை எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து பட்டியல் போட்டேன். நாற்பத்தொரு பேர். அதில் இருபத்தாறு பேரோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அவளுக்கும் அது தெரியும்.

மாடி வீட்டிலிருந்து தொடங்கினேன். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தக் கதவைத் தட்டினேன். தண்ணீர்த் தொட்டி விஷயமாகச் சண்டைக்கு வந்திருப்பதாக நினைத்து அவர் பாதிக் கதவைத்தான் திறந்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அட, அன்னிக்கே உங்க வீட்டம்மா என் சம்சாரத்துகிட்ட சொல்லிட்டாங்களே" என்றார். தெரிந்தும் ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டேன். "நீங்க போட்டுக் காட்டிட்டு எங்க மூஞ்சியையே பாக்கறீங்க. வேற என்ன சார் பண்றது? காபி வேற இன்னும் வரலை" என்றார்.

அந்தக் காபியைத்தான் அவள் சாத்திய கதவுக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மேலதிகாரியின் அறைக்கும் போனேன். ஒன்பது வருடத்தில் முதல் முறையாகக் காகிதம் இல்லாமல் உள்ளே நுழைந்தேன். "உக்காருங்க சார்" என்றார். என்னை அவர் இன்னும் சார் என்றுதான் கூப்பிடுகிறார் என்பதையே அன்றுதான் கவனித்தேன். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கவில்லை. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "நானும் வீட்ல போய்ச் சொல்லிச் சிரிச்சேன் சார். அப்ப நானும் போய்ச் சொல்லணுமா?" என்றார். தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

இதுவரை பதினொரு பேர் முடிந்தது. ஏழு பேருக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒருவர் இறந்து போயிருந்தார். அவருடைய மருமகளிடம் சொன்னேன். அவள் எதுவும் புரியாமல் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். மகள் எடுத்தாள். பின்னால் என் மனைவியின் குரல் கேட்டது. "எத்தனை ஆச்சுன்னு கேளு." பதினொன்று என்றேன். அவள் பேச வரவில்லை. ஆனால் குளிக்கிறாள் என்றும் யாரும் சொல்லவில்லை.

புதிய பதிப்பு அப்படியே இருக்கட்டும். அந்த இருமலை நீங்கள் எடுத்தது நியாயம்தான். என் கோபத்தில் மிச்சம் ஒன்று உண்டு. மேடையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தீர்கள். கதவு சாத்தும்வரை காத்திருந்துவிட்டு அதன் பிறகு அத்தனை அழகாக வாசித்தீர்கள். நானும் பெண்டாட்டியை வெளியே அனுப்பிவிட்டு உட்கார்ந்து உருகிக் கேட்டேன். அதற்கு உங்களைத் திட்டலாமா என்று ஆறு வாரமாக யோசிக்கிறேன், முடிவுக்கு வரவில்லை.

பட்டியலில் இன்னும் முப்பது பேர் இருக்கிறார்கள். நேற்று இரவு உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்தின் நகலை எடுத்துப் படித்தேன். அதன் பிறகு நாற்பத்திரண்டாவதாக ஒரு பெயரைச் சேர்த்தேன். அது என் மனைவியின் இருமல் என்று உங்களுக்கும் எழுதியிருக்கிறேன்.

அது அவள் இல்லை. உங்களுக்கு முன்பே தெரியும். இருந்தாலும் நான் சொல்ல வேண்டும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகு உங்கள் பெயருக்கு நேரே கோடு போட்டுவிடுவேன்.

தங்கள்,
தராசுக்காரன்