விசா வேண்டாத தீவு

நவம்பர் 3, திங்கள்
ஷார்ஜாவில் காலையில் பனிமூட்டம். எதிர்க் கட்டடமே தெரியவில்லை. பள்ளிப் பேருந்து தாமதம்.

பதினொன்றாம் வகுப்புக்குப் புதுப் பாடம்: ஸ்வால்பார்ட், வட துருவத்தை ஒட்டிய தீவுக்கூட்டம். நானே கேட்டு வாங்கிய தலைப்பு. குறிப்பு:
– ஆட்சி நார்வேயுடையது. ஆனால் பழைய ஒப்பந்தப்படி, கையெழுத்திட்ட நாட்டவர் எவரும் போய் வாழலாம், தொழில் செய்யலாம். இந்தியாவும் உண்டு.
– விசா கிடையாது. (போகும் வழி நார்வே. அந்த வழிக்கு வேண்டும்.)
– முதலில் திமிங்கிலம், பிறகு நிலக்கரி, இப்போது சுற்றுலா, ஆராய்ச்சி. நார்வே தன் கடைசிச் சுரங்கத்தையும் மூடிவிட்டது.
– ஆளுநர் ஒருவர். தன் செலவைத் தானே பார்க்க முடியாதவரை வெளியே அனுப்பலாம்.
– மரம் இல்லை. பிரசவ வசதியும் இல்லை; பெருநிலத்துக்குப் போக வேண்டும்.

வகுப்பில் ஆயிஷா: "வேலை போனா, மிஸ்?" வீடு பெரும்பாலும் வேலையோடு வருவது, அதுவும் போகும் என்றேன். "அப்போ ஷார்ஜாதான் மிஸ் இது. ஏசி மட்டும் ஃப்ரீ." எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மாலை என் கணவரிடம் சொன்னேன். டீயை வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டார். "பிரசவத்துக்குக்கூட வெளிய போகணுமா? அப்ப யாருக்குமே அது சொந்த ஊர் இல்ல." நல்ல கேள்வி, நல்ல பதில். பாடத்தில் சேர்க்க வேண்டும்.

5, புதன்
மூன்றாம் பீரியடில் போன். டைப்பிங் சென்டர் ரஹீம். கீழக்கரைக்காரர்; எங்கள் விசா காகிதமெல்லாம் அவரிடம்தான்.
"மேடம், விசா கேன்சலேஷன் டைப் பண்ணி வச்சிருக்கேன். ஃபேமிலிது முடிஞ்சாதான் சாரோடது போகும். ஒரு சைன் போட்டுட்டுப் போயிருங்க."
"என்ன கேன்சலேஷன்?"
"ஊருக்குப் போறீங்கள்ல மேடம்? சார் சொல்லலையா?"
போன வாரம் கணவர் என் அடையாள அட்டையை 'ரினியூவலுக்கு' என்று வாங்கிப் போனார். கொடுத்தேன்.
நான்காம் பீரியடும் எடுத்தேன். என்ன எடுத்தேன் என்று நினைவில்லை.

6, வியாழன்
கேட்டேன். மறுக்கவில்லை. ஆகஸ்டிலேயே ராஜினாமா. கோவையில் ஃப்ளாட், டிசம்பரில் குடிபோக.
"சொன்னா நீ ஒத்துக்க மாட்ட. இழுத்துக்கிட்டே போகும். எல்லாம் முடிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."
தெரிந்தவர்கள்: அவர் தம்பி. அவர் ஆபீஸ் முழுக்க. ரஹீம். நிலா.

நிலா என் மகள். பெங்களூருக்குப் போன் போட்டேன்.
"அம்மா, அப்பா சர்ப்ரைஸ்னு சொன்னார்மா. நான் டைல்ஸ் கலர் மட்டும்தான் செலக்ட் பண்ணேன். உனக்குப் பிடிக்கும்னு பெய்ஜ் போடச் சொன்னேன்."
"எப்போ?"
"ஜூன்ல."
ஜூனில் அவள் இங்கே பதினைந்து நாள் இருந்தாள். என் கட்டிலில் படுத்துக்கொண்டு.

7, வெள்ளி
விடுமுறை. தோசை மாவு புளித்துவிட்டது. துணி இரண்டு லோடு.

அடுத்த பாடம், உள்ளாட்சி. தீவில் வாழும் வெளிநாட்டவர் முன்பு ஊர்மன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். இப்போது நார்வே பெருநிலத்தில் மூன்று ஆண்டு வாழ்ந்திருந்தால்தான். அவர்களிடம் யார், எப்போது சொன்னார்கள் என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

பத்தொன்பது வருடம் முன் வேலைக்குச் சேர்ந்தபோது கிளார்க் சொன்னது: "ஹஸ்பெண்ட் விசாவா? நல்லது மேடம். ஸ்கூலுக்கும் ஈஸி, உங்களுக்கும் ஈஸி." இங்கே டீச்சர்கள் பாதிப் பேர் அப்படித்தான். இறையாண்மை என்றால் என்ன என்று வருடா வருடம் நடத்துகிறேன். என் பெயர் யார் கையில் இருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஆனால் சொல்கிறேன்.

அவர் கிரிக்கெட் பார்த்தார்.

10, திங்கள்
பிரின்சிபாலைப் பார்த்தேன். பள்ளி விசாவுக்கு மாற முடியுமா?
"இவ்ளோ வருஷம் கழிச்சா? பாருங்க, நம்ம விசான்னா லேடீஸ் அக்காமடேஷன்தான். ரூம் ஷேரிங்."
"பரவாயில்ல மேடம்."
"வீட்ல பேசிட்டீங்களா?"
"எங்க வீட்ல பேசற வழக்கம் இல்ல."
கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு கடிதம் அடிக்கச் சொன்னார்.

இரவுச் சாப்பாட்டில் அவரிடம் சொன்னேன். "அப்ப கோயம்புத்தூர்ல நான் தனியா என்ன பண்றது?" இந்த விஷயத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நல்ல கேள்விதான்.

11, செவ்வாய்
வெயில் இறங்கிவிட்டது. பள்ளி விட்டதும் டைப்பிங் சென்டர். ரஹீம் என் முகத்தைப் பார்க்காமல் சுலைமானி டீ சொன்னார். "என்னாலதான் மேடம் இவ்ளோ..." உங்களால் இல்லை என்றேன்.
கேன்சலேஷனில் கையெழுத்துப் போட்டேன். இனி கணவர் ஊருக்குப் போகலாம்.
புதுப் படிவத்தை ரஹீம் டைப் செய்தார், நான் சரிபார்த்தேன். ஸ்பான்சர்: பள்ளி. தொழில்: ஆசிரியை. பழைய காகிதத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. இதில் தேடினேன். அப்படி ஒரு கட்டமே இல்லை.